நானே ஓட்டாத விமானம்

பள்ளிக்கூடத்தில் அவனுக்கு ஒரு பெயர் உண்டு. விமானம் ஓட்டும் உரிமத்தில் அச்சடித்திருப்பதும் அந்தப் பெயர்தான். ஆனால் சொந்தபந்தத்தில் யாரைக் கேட்டாலும் அவனை ‘நானே’ என்றுதான் சொல்வார்கள். பேச்சு வந்த நாளிலிருந்து அவன் வாயில் அந்த ஒரு சொல்தான். செருப்பு மாட்டிவிடப் போனால், நானே. சட்டைக்குப் பொத்தான் போட்டுவிடப் போனால், நானே. மேல் பொத்தான் கீழ்த் துளையில் மாட்டிக்கொண்டு சட்டை ஒரு பக்கம் தூக்கி நிற்கும், அப்போதும் நானேதான். காய்ச்சலில் கிடந்தபோது, மருந்து ஊட்ட வந்த டாக்டர் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கி, தலையணைக்குப் பாதி கொடுத்துவிட்டு மீதியைத் தானே குடித்த பிள்ளை அவன்.

அவனை வளர்த்தது அக்கா. அம்மா சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்பா இருந்தும் இல்லாத மாதிரி. கடைத்தெருத் திருப்பத்தில் இருந்த வீட்டின் முன்னறைதான் அக்காவின் தையல் கடை. இரண்டு மிஷின், வெட்டுகிற மேசை ஒன்று, கழுத்தில் எப்போதும் தொங்கும் அளவு நாடா. அக்காளும் தம்பியும் பார்த்துக்கொண்டதும் பேசிக்கொண்டதும் சண்டை போட்டதும் அந்த மிஷின் சத்தத்துக்கு மேலேதான். அக்காவைக் கட்டியவர் எதிர்வரிசையில் டயர் கடை வைத்திருந்தார். தம்பிக்கு அவர் அத்தான். வாயைத் திறந்தால் ஒன்று கிண்டல் வரும், இல்லாவிட்டால் கொட்டாவி வரும். அவரிடம் ஒரு பழைய வேன் இருந்தது. அதன் ஸ்டியரிங்கைத் தம்பி தொடக்கூட அவர் விட்டதில்லை. பையன் பறவைகளை அண்ணாந்து பார்த்து விமானம் ஓட்ட ஆசைப்பட்டான் என்றெல்லாம் பின்னாளில் சிலர் கதை கட்டினார்கள். அக்காவுக்கு உண்மை தெரியும். அத்தான் கை வைக்க முடியாத வண்டியாகப் பார்த்துத் தேடினான். தேடியதில் கிடைத்தது அது.

அவன் விமானம் ஓட்டப் போனதில் அக்காவுக்குப் பெருமை வானம் முட்டும். ஆனால் அதில் ஏறச் சொன்னால் மட்டும் மாட்டேன் என்பாள். அவள் வழியே வேறு. பேருந்தில் ஏறினால் ஓட்டுகிறவர் முகம் தெரிகிற இருக்கையாகப் பார்த்துத்தான் உட்காருவாள். அந்த இடம் இல்லை என்றால் அடுத்த பேருந்து. முகத்தைப் பார்த்தால் ஆள் தூங்கினாரா, குடித்தாரா, வீட்டில் சண்டையா என்று தெரிந்துவிடுமாம். ரயிலில் முகம் தெரியாதே என்று யாராவது மடக்கினால், அதற்குத் தண்டவாளம் இருக்கிறது, அது பார்த்துக்கொள்ளும் என்பாள். விமானத்துக்கு இரண்டும் இல்லை. ஓட்டுகிறவர் பூட்டிய கதவுக்குப் பின்னால். கீழே வெறும் காற்று. முகம் தெரியாத ஒருவன் கையில் உயிரைக் கொடுத்துவிட்டு, கடலை கொறித்துக்கொண்டு போகிறார்களே என்று ஊராரை நினைத்து அவளுக்கு ஆச்சரியமாக இருக்கும்.

பயிற்சிக் காலத்தில் ஒரு நாள் மத்தியானம் தம்பி வந்து, வெட்டுகிற மேசைக்குக் கீழே, சின்ன வயதில் கோபம் வந்தால் உட்காரும் அதே இடத்தில் உட்கார்ந்துகொண்டான். அக்கா மிஷினை நிறுத்தினாள். பரீட்சையில் தோற்றுவிட்டான்.

அந்தப் பரீட்சை தாளில் எழுதுவதல்ல. பெரிய கூடம் ஒன்றில், இரும்புக் கால்கள்மேல் ஒரு பெட்டி நிற்குமாம். உள்ளே போனால் அசல் விமானத்தின் முன்னறை. அதே இருக்கை, அதே விசைகள், கண்ணாடிக்கு வெளியே அதே ஓடுபாதை. பின்னால் ஒரு பரீட்சைக்காரர் உட்கார்ந்துகொண்டு, பொத்தானை அமுக்கி இஞ்சினுக்கு நெருப்பு வைப்பார், சக்கரம் வெளியே வராமல் பண்ணுவார், புயலைக் கூப்பிடுவார். பெட்டி குலுங்கும், சாயும், வியர்த்துக் கொட்டும். நரைத்த தலை கேப்டன்கூட வருஷத்துக்கு இரண்டு தடவை அதில் ஏறித் தன்னை நிரூபித்துவிட்டு வர வேண்டும். தோற்றால் அசல் விமானத்தில் கால் வைக்கக் கூடாது. தையல் தொழிலில் இறங்கிய பிறகு யாரும் தன்னிடம் பரீட்சை கேட்டதில்லையே என்று அக்கா நினைத்தாள். கேட்டிருந்தால் கழுத்துப் பட்டை தைப்பதில் தோற்றிருப்பாள்.

தம்பி எப்படித் தோற்றான் என்பதுதான் விசேஷம். இஞ்சினில் நெருப்பு என்று மணி அடித்தது. பக்கத்து இருக்கையில் இன்னொருவர் உட்கார்ந்திருந்தார். நம்ம ஆள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தானே ஓட்டினான், தானே தரையில் இருக்கிறவர்களோடு பேசினான், தானே நெருப்புக்கான பட்டியலைப் படித்தான், தானே இஞ்சினை அணைத்தான். கை அப்படிப் பறந்ததாம். எல்லாம் முடிந்ததும் பரீட்சைக்காரர் விளக்கைப் போட்டார்.

“நெருப்பு இடது பக்கம். நீ அணைச்சது வலது பக்கம். நல்லா இருந்த இஞ்சின்.”

அவர் குரலை உயர்த்தவே இல்லை.

“பக்கத்துல ஒருத்தர் இருந்தார். ‘இதுதானே?’ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பார். உன் கைக்கு வேகம் இருக்குப்பா. ஆனா நீ தனியா ஓட்டறே. இது தனியா ஓட்டற வண்டி இல்ல.”

மேசைக்குக் கீழே உட்கார்ந்து இதைச் சொல்லி முடித்தவன் அழவில்லை. அழுதிருந்தால் அக்காவுக்கு எளிதாக இருந்திருக்கும். வெட்டிப்போட்ட துணித் துண்டு ஒன்றை எடுத்து நூல் நூலாகப் பிரித்துக்கொண்டிருந்தான். “சின்ன வயசுலேர்ந்து நானே நானேன்னு சொன்னா இப்படித்தான்” என்று வாய்வரை வந்ததை அக்கா விழுங்கிக்கொண்டு, தேநீர் போட எழுந்து போனாள்.

அதற்கப்புறம் அவன் மாறினான் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆனால் மனுஷன் அப்படி ஒரே வரியில் மாறுவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக மாறினான். முதலில் வீட்டில் ஒரு விசித்திரப் பழக்கம் வந்தது. அடுப்பை அணைப்பதற்கு முன் அதைத் தொட்டுக்கொண்டு “இதுதானே?” என்பான். அக்கா “அதுதான்” என்று சொன்ன பிறகுதான் திருகுவான். “ஒரே அடுப்புதானேடா இருக்கு, வேற எதை அணைக்கப் போறே?” என்று அத்தான் சிரிப்பார். அவன் சிரிக்க மாட்டான். பிறகு பெட்டியில் மறுபடி ஏறித் தேறினான். வலது பக்க இருக்கையில் இரண்டாவது விமானியாக உட்கார்ந்தான்.

லீவில் வரும்போதெல்லாம் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுவான். அக்கா ஊசியை ஓட்டிக்கொண்டே கேட்பாள். அவன் சொன்னதில் பாதி அவளுக்குப் புரியாது. புரிந்த பாதியே மலைக்க வைக்கும். விமானத்தில் எது முக்கியமோ அது இரண்டாக இருக்குமாம். ஒன்று கெட்டால் இன்னொன்று, சிலது மூன்றுகூட. ஓட்டுகிறவரே இரண்டு. ஒருவர் ஓட்டும்போது இன்னொருவரின் வேலை, ஓட்டுகிறவரைப் பார்த்துக்கொண்டே இருப்பது. சாப்பாடுகூட இருவருக்கும் வேறு வேறு. ஒரே சாப்பாடு இருவர் வயிற்றையும் கெடுத்துவிடக் கூடாதாம். “அப்போ எது நல்லா இருக்கும்னு யாருக்குத் தெரியும்?” என்று கேட்டார் அத்தான். “கேப்டன் முதல்ல எடுத்துப்பார். அதுலேர்ந்து தெரிஞ்சுக்கலாம்” என்றான் தம்பி.

இறக்கை ஆடும் என்றும் சொன்னான். வளையும், துள்ளும், அப்படி ஆடத்தான் செய்திருக்கிறார்களாம், விறைத்து நின்றால் ஒடிந்துவிடுமாம். இது மட்டும் அக்காவுக்கு உடனே பிடிபட்டது. கையைத் தூக்க இடம்விட்டுத் தைக்காத சட்டை அக்குளில் கிழியத்தானே செய்யும்.

ஒரு நாள் சொன்ன கதை அவள் மனதைவிட்டுப் போகவே இல்லை. அன்றைக்கு இடது இருக்கையில் இருந்தவர் பெரிய கேப்டன். மீசையும் அனுபவமும் உள்ள மனுஷர். அவர் நடந்து வந்தால் எல்லாரும் எழுந்து நிற்பார்கள். இறங்கப் போகும் நேரம். ஓடுபாதை கண்ணில் தெரிகிறது. விமானம் கொஞ்சம் வேகமாக, கொஞ்சம் மேலாக வருகிறது. பெரியவர் சரிசெய்துவிடுவார் என்று தம்பி பார்த்தான். சரியாகவில்லை. பெரியவரிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு கணம் தயங்கினான். ஆனாலும் சொல்ல வேண்டிய அந்த ஒற்றை வார்த்தையைச் சொல்லிவிட்டான். இறங்காதே, மேலே போ என்று அதற்கு அர்த்தம்.

“சின்னப் பையன் நீ. அவர் திட்டலையா?” என்று கேட்டாள் அக்கா.

“அந்த வார்த்தையை யார் சொன்னாலும் ஏன்னு கேட்கவே கூடாதுக்கா. முதல்ல மேல போகணும். மேல போய், எல்லாம் சரியான பிறகு வேணும்னா கேட்டுக்கலாம். அவரும் போனார். சுத்தி வந்து இறங்கினோம். கீழ இறங்கினதும் என் தோள்ல கை போட்டு, காபி வாங்கிக் குடுத்தார்.”

அக்காவின் கால் மிஷின் மிதியிலேயே நின்றுவிட்டது. அவள் பிறந்த வீட்டில், புகுந்த வீட்டில், கடைத்தெருவில், பெரியவர்களிடம் சின்னவர்கள் வேண்டாம் என்று சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். முதலில் அடி விழும். காரணம் கேட்டால் இன்னொரு அடி. பெரியவர் ஒருவர் சின்னவன் பேச்சைக் கேட்டு, கேள்வி கேட்காமல், அத்தனை பெரிய பாரத்தைத் திருப்பி வானத்துக்கே கொண்டுபோன காட்சியை அவள் அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தாள்.

“திடீர்னு மேல போனா உள்ள இருக்கிறவங்க பயந்துட மாட்டாங்களா? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?” என்று ராத்திரி அவனிடமே கேட்டாள்.

“முதல்ல ஓட்டணும். அப்புறம் எங்க போறோம்னு பார்க்கணும். எல்லாம் முடிஞ்ச பிறகுதான் பேசணும். சத்தமே வரலைன்னா வேலையா இருக்கோம்னு அர்த்தம்.”

வருஷங்கள் ஓடின. தோள்பட்டையில் நாலாவது கோடு ஏறியது, கேப்டன் ஆனான். அந்தப் பட்டையைத் தானே தைக்க வேண்டும் என்று அக்கா நூல் எல்லாம் தேடி எடுத்து வைத்திருந்தாள். பார்த்தால் அது தைப்பதே இல்லையாம், தோளில் சொருகிக்கொள்வதாம். ஏமாற்றத்துக்கு அவன் கால்சட்டையைப் பிடித்து, தேவையே இல்லாமல் இடுப்பைப் பிரித்துத் தைத்துக் கொடுத்தாள்.

அந்தச் சமயத்தில்தான் அக்காவின் ஒரே மகள் கடல் தாண்டி வாக்கப்பட்டுப் போன ஊரில் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தாள். அங்கே கூட இருக்க ஆள் இல்லை. அவள் புருஷனுக்கும் அம்மா கிடையாது. “அம்மா, நீ பக்கத்துல இருந்தா போதும், ஒண்ணும் செய்ய வேண்டாம்” என்று தினமும் போனில் கேட்டாள். ஒண்ணும் செய்ய வேண்டாம் என்று மகள் சொன்னாளே, அதுதான் அக்காவை உலுக்கியது. அந்த ஊருக்குத் தண்டவாளம் இல்லை. விமானம் ஒன்றுதான் வழி.

அக்கா யோசித்து யோசித்து ஒரு நாள் சொன்னாள்: “தம்பி ஓட்டினா ஏறுவேன்.”

தம்பி துள்ளிக் குதித்தான். யார் யாரையோ கேட்டு, யாருடனோ நாளை மாற்றிக்கொண்டு, மகள் சொன்ன தேதிக்கு முன்னால் போகிற அந்த ஊர் விமானம் ஒன்றை ஓட்டும் முறையை வாங்கிவிட்டான். அதை விட்டால் டாக்டர் சொன்ன நாளுக்குள் போய்ச் சேரும் விமானம் வேறில்லை. செய்தி சொந்தபந்தம் முழுக்கப் பரவியது. அம்மாவின் தங்கை, இவர்களுக்குச் சின்னம்மா, வாயில் பல் குறைந்தாலும் சொல் குறையாதவள், வீடு வீடாகப் போய்ச் சொல்லி முடித்தாள். அக்கா தனக்கு ஒரு புதுத் துணி வெட்டி, இரவிக்கை தைத்துக்கொண்டாள்.

புறப்படுகிற நாள் காலையில் தம்பிக்கு மூக்கடைத்துக்கொண்டது.

முந்தின நாளே லேசாகத் தும்மிக்கொண்டிருந்தான். காலையில் எழுந்து கண்ணாடி முன் நின்று, மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயை மூடி மெல்ல ஊதிப் பார்த்தான். இடது காது திறந்தது. வலது காது திறக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடி ஊதினான். டீச்சர் வேலை பார்க்கும் அவன் மனைவி தெர்மாமீட்டரோடு நின்றாள். காய்ச்சல் ஒன்றும் இல்லை. வெந்நீர் ஆவி பிடித்துவிட்டு மூன்றாம் தடவை ஊதினான். காது சுவர் மாதிரி இருந்தது. கொடியில் இஸ்திரி போட்ட சீருடை தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே போனை எடுத்தான்.

அக்காவும் அத்தானும் பெட்டியோடு அவன் வீட்டுக்கு வந்தது சரியாக அந்த நேரத்தில். அந்தப் போன் பேச்சை அக்கா தன் காதால் கேட்டாள். அவன் பெயரைச் சொன்னான். இன்று ஓட்ட முடியாது என்றான். மறுமுனை ஏன் என்று கேட்கவில்லை. கெஞ்சவில்லை, திட்டவில்லை. சரி, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றது. முடிந்தது. ஒரு விமானம், அத்தனை பேர், அக்கா, மகள், எல்லாம் அந்த ஒரு மூச்சில் கைமாறிப் போய்விட்டது.

அத்தான்தான் முதலில் வாயைத் திறந்தார். “நாலு கோடு வாங்கினவன் நாலு தும்மலுக்குப் படுத்துட்டான்.”

அதற்குள் வழியனுப்ப வந்த சின்னம்மாவுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. சளிக்கு லீவு போடுகிற கேப்டனை இந்த வம்சத்தில்தான் பார்க்கிறேன் என்றாள். தன் புருஷன் காலில் கட்டுப் போட்டுக்கொண்டே லாரி ஓட்டினான் என்றும், அப்படி ஓட்டியதில்தான் இன்னொரு காலிலும் கட்டு விழுந்தது என்பதைச் சொல்லாமல் விட்டும், பேசிக்கொண்டே போனாள். தம்பி சீருடையைக் கொடியிலேயே விட்டான். சாதாரணச் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு, அக்காவின் பெட்டியை எடுத்து அத்தான் வேனில் வைத்தான். “விமானம் போகும்க்கா. நீயும் போவே. வா” என்றான். அக்கா வேனில் ஏறினாள். ஆனால் மனசு ஏறவில்லை.

விமான நிலையத்தின் பெரிய கூடத்தில், பயணிகள் மட்டும் போகிற வாசலுக்கு வெளியே ஒரு நீண்ட இரும்பு இருக்கை. அக்கா அதில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. அத்தானும் சின்னம்மாவும் தண்ணீர் வாங்கப் போவதாகச் சொல்லி நகர்ந்துகொண்டார்கள்.

“நீ ஓட்டலைன்னா நான் ஏறலை. மகள்கிட்ட நானே சொல்லிக்கறேன்” என்றாள் அக்கா.

தம்பி பக்கத்தில் உட்கார்ந்தான். மூக்கால் பேசினான்.

“காது அடைச்சிருக்குக்கா. மேல ஏறும்போது ஒண்ணும் தெரியாது. இறங்கும்போதுதான் வலி வரும். காதுக்குள்ள ஆணி அடிக்கிற மாதிரி. எனக்குத் தலை தெளிவா இருக்கவேண்டிய நேரம் அதுதான்.”

“ஒரு மாத்திரை போட்டுக்கக் கூடாதா?”

“போட்டா தூக்கம் வரும்.”

அக்கா அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் சொல்லிக் கொடுத்ததையே எடுத்து அவன்மேல் வீசினாள். “பக்கத்துல இன்னொருத்தர் இருப்பார்னு நீதானே சொன்னே? உனக்கு முடியாம போனா அவர் பார்த்துக்க மாட்டாரா?”

“திடீர்னு முடியாம போனா பார்த்துக்கத்தான் அவர் இருக்கார். முடியாதுன்னு தெரிஞ்சுகிட்டே போய் உட்கார்றதுக்கு இல்ல.”

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் விமானங்கள் மூக்கை நீட்டிக்கொண்டு வரிசையாக நின்றன. சின்னச் சின்ன ஆட்கள் அவற்றின் வயிற்றுக்கடியில் போய் வந்துகொண்டிருந்தார்கள்.

“உன் இடத்துல யார் வர்றா? முகத்தையாவது காட்டு.”

“யாருன்னு எனக்கே தெரியாது. இப்படி யாருக்காவது முடியாம போனா வர்றதுக்குன்னே ஒருத்தர் சீருடை போட்டுக்கிட்டுத் தயாரா உட்கார்ந்திருப்பார். அவர் வருவார்.”

“முகம் தெரியாதவன் கையில அக்காவைக் குடுக்கறே.”

தம்பி அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தான்.

“அக்கா, அவரும் காலையில என்னை மாதிரிதான் எழுந்திருப்பார். மூக்கைப் பிடிச்சு ஊதிப் பார்த்திருப்பார். நேத்து தூங்கினேனா, மனசு சரியா இருக்கா, வீட்ல சண்டை ஏதாவது மண்டையில ஓடுதான்னு தன்னைத் தானே கேட்டிருப்பார். முடியலைன்னா முடியலைன்னு சொல்லியிருப்பார். யாரும் ஏன்னு கேட்டிருக்க மாட்டாங்க. அவர் சொல்லல. அதனாலதான் வர்றார். நீ பஸ்ஸுல டிரைவர் மூஞ்சியைப் பார்ப்பியே, அதைத்தான் நாங்க தினமும் கண்ணாடியில பார்க்கறோம். முதல்ல எங்க மூஞ்சியை நாங்க பார்த்துட்டுத்தான் அந்தக் கதவுக்குள்ள போறோம்.”

அக்கா கையிலிருந்த பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தாள். அவளுக்கு அந்த நேரத்தில் விமானம் ஞாபகம் வரவில்லை. மருந்துக் கரண்டியைப் பிடுங்கிய பையன் ஞாபகம் வந்தான். ஒரு பொத்தானைக்கூட இன்னொரு கைக்குக் கொடுக்காதவன். அவன் ஊரறிய, உறவறிய, சின்னம்மா வாயில் விழுவோம் என்று தெரிந்தும், அக்கா முதன்முதலாக ஏறப்போகும் விமானத்தையே இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு, கசங்கிய சட்டையோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். ‘நானே’ என்பதற்கு எத்தனை தைரியம் வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். ‘இன்றைக்கு நான் இல்லை’ என்பதற்கு அதைவிட எவ்வளவு வேண்டும்! இவனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்த இடத்தில், இவனைப் போல எத்தனை பேர் படித்திருப்பார்கள்!

எழுந்தாள். தம்பி பெட்டிக்குக் கை நீட்டினான்.

“விடுடா. நானே” என்றாள் அக்கா.

அவன் அடைத்த மூக்கோடு சிரித்தது ஒரு மாதிரி குறட்டைபோல வந்தது. வாசல்வரை வந்தான், அதற்குமேல் அவனுக்கு அன்று அனுமதி இல்லை.

விமானத்தில் அவளுக்கு ஜன்னல் இருக்கை. பக்கத்தில் மளிகைக் கடை நடத்துகிற ஒரு பெண், பத்துத் தடவை போய் வந்தவளாம். புதினா மிட்டாய் ஒன்று கொடுத்தாள். முன்னால் அந்தக் கதவு. பூட்டிய கதவு. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒலிபெருக்கியில் ஒரு ஆண் குரல் வணக்கம் சொன்னது. சாதாரணக் குரல். காய்கறிக் கடையில் கேட்டிருந்தால் திரும்பிப் பார்த்திருக்க மாட்டாள். சளி இல்லாத குரல் என்பதை மட்டும் குறித்துக்கொண்டாள்.

விமானம் ஓடியபோது அவள் கண்ணை மூடியிருந்தாள். முதுகை யாரோ இருக்கையோடு சேர்த்து அழுத்தினார்கள். தடதடப்பு சட்டென்று நின்றது. ஏதோ நின்றுபோய்விட்டது என்று நினைத்துக் கண்ணைத் திறந்தால், தரை போயிருந்தது.

அக்கா அப்படி ஒரு காட்சியைக் கண்டதில்லை. வயல்களும் கூரைகளும் வெட்டி மேசைமேல் பரப்பிய துண்டுகளாகக் கிடந்தன. சாலைகள் துணியில் சுண்ணக்கட்டி வைத்துக் கோடு போட்ட மாதிரி. அந்தக் கோட்டில் எங்கோ தன் கடையும் இரண்டு மிஷினும் இருக்கும் என்று தேடினாள். பிறகு கரை முடிந்து கடல் வந்தது. அவள் வாழ்நாள் முழுக்கத் துணியைப் பார்த்தவள். இத்தனை பெரிய துணியை, நடுவில் ஒரு ஒட்டும் தையலும் இல்லாமல் பார்த்ததில்லை. இறக்கை ஆடியது. “ஆடு, ஆடு. நல்லா ஆடு” என்றாள் மனதுக்குள். தன் தம்பி தினமும் இதையா பார்க்கிறான், பார்த்துவிட்டு வந்து மிஷின் பக்கத்தில் ஒன்றும் நடக்காத மாதிரி உட்கார்ந்திருக்கிறான் என்று வியந்தாள்.

இறங்குகிற நேரம் வந்தது. வீடுகள் பெரிதாயின. கார்களின் நிறம் தெரிந்தது. சக்கரம் தரையைத் தொட இன்னும் கொஞ்சம்தான் என்கிறபோது இஞ்சின் உறுமியது. விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலே பாய்ந்தது. வயிற்றுக்கடியில் ஏதோ மடங்கி ‘தொம்’ என்று மூடியது. யாரோ கத்தினார்கள். பத்துத் தடவை போய் வந்த மளிகைக் கடைக்காரி அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், நகம் பதிந்தது.

“என்னாச்சு? ஏன் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாங்க?”

ஒலிபெருக்கியில் சத்தமே இல்லை. அந்தச் சத்தமில்லாமையில்தான், மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து துணித் துண்டைப் பிரித்துக்கொண்டே பேசுகிற குரல் அவளுக்குக் கேட்டது.

“வேலையா இருக்காங்கம்மா. முதல்ல ஓட்டுவாங்க. அப்புறம்தான் பேசுவாங்க. இறங்க வேண்டாம்னு உள்ள ஒருத்தர் சொல்லியிருப்பார். இன்னொருத்தர் கேட்டிருப்பார்.”

சொன்னதில் அவளுக்கே குரல் நடுங்கியது. ஆனாலும் சொன்னாள். கதவைப் பார்த்தாள். அதற்குப் பின்னால் முகம் தெரியாத இரண்டு பேர். அதில் ஒருவர் வேண்டாம் என்கிறார். இன்னொருவர் ஏன் என்று கேட்காமல், கையெட்டும் தூரத்தில் வந்துவிட்ட தரையை விட்டுவிட்டு மேலே போகிறார். இத்தனை பேர் கத்துவார்கள் என்று தெரிந்தும் போகிறார். இவரும் தம்பி சாதிதான் என்று நினைத்தாள். அதற்கப்புறமும் அவளுக்குப் பயம் இருந்தது. ஆனால் அது அவளைப் பிடித்து ஆட்டவில்லை.

நிதானமான அதே குரல் சற்றுப் பொறுத்து வந்தது. முன்னால் இறங்கிய விமானம் ஓடுபாதையைவிட்டு இன்னும் நகரவில்லையாம். சுற்றி வந்து இறங்குகிறோம் என்றது. சுற்றி வந்தார்கள். இறங்கினார்கள். சக்கரம் தரையைத் தொட்டது தையல் ஊசி துணியில் இறங்குகிற மாதிரிதான் இருந்தது. மளிகைக் கடைக்காரி மிட்டாய்ப் பொட்டலத்தையே அக்கா கையில் திணித்துவிட்டாள்.

கதவு திறந்ததும் அக்காவுக்கு மகள் ஞாபகம்தான். பெட்டியைத் தானே இழுத்துக்கொண்டு, கூட்டத்தோடு இறங்கி, நீண்ட நடைபாதையில் ஓட்டமும் நடையுமாகப் போனாள். வெளியே மருமகன் கையசைத்துக்கொண்டு நின்றான். பக்கத்தில், இடுப்பில் கையை ஊன்றி, வயிற்றை முன்னால் தள்ளிக்கொண்டு மகள். ஆஸ்பத்திரிக்குப் போக இன்னும் ரெண்டு நாள் இருக்கு, அதான் வந்துட்டேன் என்றாள். அக்கா அவளைக் கட்டிக்கொள்ள முடியாமல் பக்கவாட்டில் கட்டிக்கொண்டாள். வயிற்றுக்குள் இருந்தது அந்த நேரம் பார்த்து ஒரு உதை விட்டது.

வாடகைக் காரில் ஏறியதும் தம்பியின் போன் வந்தது. மூக்கு இன்னும் அடைத்திருக்கிறது என்று சத்தத்திலேயே தெரிந்தது.

“இறங்கிட்டியாக்கா?”

“இறங்கிட்டேன். ஒரு தடவை மேல போயிட்டு வந்து இறங்கினோம்.”

“பயந்துட்டியா?”

“பயந்தேன். பக்கத்துல இருந்தவ அதிகமா பயந்தா, அதனால என்னோடது கொஞ்சம் குறைஞ்சுது.”

“யாருக்கா ஓட்டினது? ஆளைப் பார்த்தியா? இறங்கும்போது கதவு திறந்து வெச்சிருப்பாங்களே.”

அக்கா வாயைத் திறந்தாள், மூடினாள். ஜன்னலுக்கு வெளியே தெரியாத ஊரின் தெருக்கள் ஓடின. முன் இருக்கையில் கார் ஓட்டுகிறவரின் பின்தலை மட்டும் தெரிந்தது. அவர் முகத்தையும்கூட அவள் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

“மறந்துட்டேன்டா” என்றாள்.